ஏழாவது பெயர்

குறிஞ்சிப்பாடியில் போய் வெண்மதி வீடு எது என்று கேட்டால் எந்த வெண்மதி என்பார்கள். கண்டக்டர் அய்யனார் மகள், கபடி ஆடுகிற பெண் என்று சொன்னால் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். அய்யனார் கடலூர் – சிதம்பரம் தடத்தில் தனியார் பேருந்தில் இருந்தார். மகள் பிளஸ் ஒன் படித்தபோது, 2004-ல், பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஒரு சண்டை நடந்தது. கீழே விழுந்த வெண்மதி, எதிரியின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் அவள் பிடியை விடவில்லை. விலக்கிவிட வந்த உடற்பயிற்சி ஆசிரியர் அந்தோணிசாமி அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. மறுநாள் சாயங்காலம் கபடிக் கோட்டுக்குள் கொண்டுபோய் இடது மூலையில் நிறுத்தினார். அதற்குப் பிறகு அந்த மூலை அவளுடையதாகிவிட்டது.

ஐந்து வருஷத்தில், அந்தோணிசாமி நடத்திய அணியில், மாவட்டம், மண்டலம், ஒருமுறை மாநிலம் என்று ஆடினாள். முதுகில் நாலாம் நம்பர். அவளுக்குப் பக்கத்தில் கைகோத்து நிற்பவள் புஷ்பவள்ளி, அணியின் கேப்டன். பாடி வருகிறவள் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் வெண்மதி காலைப் பிடிப்பாள், புஷ்பவள்ளி இடுப்பில் விழுவாள். இரண்டு பேரும் கண்ணால்கூடப் பேசிக்கொள்ள வேண்டியதில்லை. கோத்த கை ஒரு அழுத்து அழுத்தினால் போதும்.

2008 கடைசியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு வெண்மதி தேர்வானாள். ஓட்டம், உயரம், சான்றிதழ் சரிபார்ப்பு எல்லாம் முடிந்திருந்தது. பாக்கி இருந்தது ஒன்றுதான். வீடு தேடி வந்து, ஆள் எப்படி என்று விசாரித்து எழுதிக்கொண்டு போவார்கள். அது நல்லபடி போனால் பயிற்சிக்குக் கிளம்பலாம். அம்மா தைலம்மாள் அக்கம்பக்கத்தில் யாரோடும் வாய்ச்சண்டை கூடாது என்று அப்போதே விரதம் எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தாள்.

அந்த ஜனவரியில் கடலுக்கு அந்தப்பக்கம் சண்டை உச்சத்தில் இருந்தது. டீக்கடையிலும் பஸ்ஸிலும் வேறு பேச்சு இல்லை. குறிஞ்சிப்பாடியில் அகதி முகாமும் இருப்பதால் அந்தச் சேதி டிவியில் மட்டும் வரவில்லை, தெருவில் நடந்தும் வந்தது. முகாமிலிருந்து அணிக்கு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள், தயாளினி. கைக்குழந்தையாகப் படகில் வந்தவள். கடலூரில் முதலாம் வருஷம் பி.காம். வெளியில் நம்மூர்ப் பேச்சுத்தான் பேசுவாள். பயந்தாலோ கோபம் வந்தாலோ மட்டும் வீட்டுப் பேச்சு வந்துவிடும். பதினொன்றாம் நம்பர். பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரியாக வெளியில் உட்கார்ந்திருப்பாள்.

குடியரசு தினத்தன்று சிதம்பரத்தில் ஒரு போட்டி. இறுதி ஆட்டம் சாயங்காலம் நான்கு மணிக்கு. உடை மாற்ற ஒரு வகுப்பறையைத் திறந்துவிட்டிருந்தார்கள். புஷ்பவள்ளி கதவைச் சாத்திவிட்டுப் பையிலிருந்து கறுப்பு ரிப்பனை எடுத்தாள். ஒரே அளவாக வெட்டி ஊசி குத்தி வைத்திருந்தாள்.

"கோஷமெல்லாம் கெடையாது. கையில கட்டிக்கிட்டு ஆடுறோம், அவ்ளோதான். யாருக்கு இஷ்டமில்லியோ கட்ட வேணாம்" என்றாள்.

ஆடப்போகிற ஏழு பேரும் கை நீட்டினார்கள். வெண்மதிக்கு ஒரு கணம் வேலை ஞாபகம் வந்தது. ஆனால் பக்கத்தில் நிற்பவள் கட்டிக்கொள்ளும்போது கையை இழுத்துக்கொள்வது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. அதோடு, முந்தின வாரம் தயாளினியின் அம்மா ரேஷன் கடை வரிசையில் நின்றபடியே அழுததை அவள் பார்த்திருந்தாள். அவளும் கட்டிக்கொண்டாள்.

தயாளினி பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"உங்க ஜனங்களுக்காகத்தான கட்டுறோம்" என்றாள் புஷ்பவள்ளி. "நீ கட்ட மாட்டியா?"

"நீங்க கட்டுனா ஆடி முடிச்சிட்டு வூட்டுக்குப் போயிடுவீங்கக்கா. நான் கட்டுனா மொத்த முகாமும் பதில் சொல்லணும்."

புஷ்பவள்ளி அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அவள் பார்த்த பார்வை நல்ல பார்வை இல்லை.

வெளியில் மைக் பிடித்திருந்தவர் வெண்மதியின் தாய்மாமன் ராஜவேல். குறிஞ்சிப்பாடியில் மைக்செட் கடை வைத்திருப்பவர், போட்டிக் குழுவின் செயலாளரும் அவர்தான். அணி வரிசையாக வரும்போது ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தவர், ரிப்பனைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினார். கூட்டத்துக்கும் அப்போதுதான் விளங்கியது. ஒரு பக்கம் விசில் பறந்தது, எழுந்து நின்று கை தட்டினார்கள். இன்னொரு பக்கம், "ஆட வந்தீங்களா, அரசியல் பண்ண வந்தீங்களா?" என்று ஒரு குரல். மேடையில் இருந்த பிரமுகர் பக்கத்து ஆளிடம் குனிந்து ஏதோ கேட்டார். கயிற்றுக்கு வெளியில் நீலக் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் விசிலும் அடிக்கவில்லை, கையும் தட்டவில்லை. ஆட்டம் முடியும் வரைக்கும் அவர் ஆட்டத்தையே பார்க்கவில்லை என்று வெண்மதி பிற்பாடு பல தடவை நினைத்துக்கொண்டாள்.

ஆட்டத்தில் ஜெயித்தார்கள். வெண்மதி மட்டும் ஆறு பேரைப் பிடித்தாள். மறுநாள் பத்திரிகையில் உள்பக்கத்தில் படம் வந்தது. தூரத்திலிருந்து எடுத்த படம். ஏழு பெண்கள், ஏழு கறுப்புப் பட்டை, முகம் எல்லாம் மை அப்பிய மாதிரி. தன் படத்தில் தன்னையே தேட வேண்டியிருந்தது.

ஐந்தாம் நாள் காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் போய், பெண்ணையும் அப்பாவையும் கடலூருக்கு வரச் சொன்னார்கள். வழக்கு ஒன்றும் போடவில்லை. யார் தூண்டிவிட்டது, ரிப்பன் எந்தக் கடையில் வாங்கியது, எந்தக் கட்சி என்று கேட்டு, இனிமேல் செய்ய மாட்டோம் என்று எழுதி வாங்கி அனுப்பினார்கள். ஏழு பெயர் கொண்ட ஒரு தாள் அவர்கள் மேஜையில் இருந்ததாகப் புஷ்பவள்ளியின் அப்பா சொன்னார்.

வெண்மதி வீட்டுக்கு யாரும் வரவில்லை. அவளுக்குப் பதிலாகத் தயாளினியைக் கூப்பிட்டிருந்தார்கள்.

கட்டாதவளைக் கூப்பிட்டு, கட்டியவளை விட்டிருக்கிறார்கள். ஏதோ தப்பு நடந்திருக்கிறது, இன்றைக்கு வருவார்கள், நாளைக்கு வருவார்கள் என்று வெண்மதி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிப்ரவரி மூன்றாம் தேதி நிஜமாகவே ஒரு போலீஸ்காரர் வந்தார். வேலைக்கான விசாரணைக்கு வந்தவர். நாற்காலி போட்டு உட்காரவைத்து, தைலம்மாள் காபி கொடுத்தாள். பேர், படிப்பு, எத்தனை வருஷமாக இந்த வீட்டில் என்றெல்லாம் எழுதியவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"கபடி டீம்ல இருக்கறதா போட்டிருக்கு. அந்தச் சிதம்பரம் சமாச்சாரத்துல நீ இருக்கியாம்மா?"

வெண்மதி வாயைத் திறப்பதற்குள் தைலம்மாள் சொல்லிவிட்டாள். "எம் பொண்ணு அதுல எல்லாம் இல்லீங்க. பேரே வரலியே."

போலீஸ்காரர் வெண்மதியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நிலைப்படியில் கையை ஊன்றியபடி நின்றாள். அவர் எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் பயிற்சிக்குப் போனபோது பேச்சு அடங்கியது.  கோட்டுக்குள் நின்று வழக்கம்போல் வலது கையை நீட்டினாள். புஷ்பவள்ளி தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கையைக் குடு புஷ்பா."

"எதுக்கு? கையை யார் யார்கிட்ட குடுக்கறதுன்னு பாத்துத்தான் குடுக்கணும்போல இருக்கு."

"நான் இன்னா பண்ணேன்?"

"அதத்தான் நாங்களும் பேசிக்கிட்டிருக்கோம். ஆறு பேரு வூட்டுல அப்பனைக் கூப்புட்டு அசிங்கப்படுத்துனாங்க. உனக்கு மட்டும் வேலைக்கு ஆள் வந்து காபி குடிச்சிட்டுப் போறாரு."

அந்தோணிசாமி ஊதலை ஊதி ஆட்டத்தைத் தொடங்கினார். பாடி வந்தவளின் காலை வெண்மதி பிடித்தாள். மேலே விழ ஆள் வரவில்லை. வந்தவள் அவளை இழுத்துக்கொண்டே கோட்டைத் தாண்டிப் போனாள்.

தயாளினிக்கு நடந்தது இதைவிட மோசம். முகாமை விட்டு வெளியில் போக இருந்த அனுமதியை நிறுத்திவைத்தார்கள். கல்லூரிக்கும் போகக்கூடாது. தினமும் காலையிலும் மாலையிலும் கையெழுத்து. அவளுடைய அப்பா பெயிண்ட் வேலைக்கு வெளியூர் போகிறவர், அவரையும் போகவிடவில்லை. முகாமில் மற்றவர்கள் அவளைத் திட்டினார்கள். நீ ஆட்டம் ஆடப்போய் எல்லாருக்கும் ஆள் கணக்கெடுப்பு ஜாஸ்தியாயிடுச்சு என்றார்கள்.

வெண்மதி முகாம் வாசல் வரைக்கும் ஒருநாள் போனாள். தயாளினி வந்தாள், வேலியை விட்டுத் தள்ளியே நின்றாள்.

"நான் கட்டேல்லை அக்கா. உங்களுக்குத் தெரியும்தானே. அந்தத் தாளிலை நாலாம் நம்பருக்கு நேரை என்ரை பேர் கிடந்தது."

"நாலா? உன் நம்பர் பதினொண்ணாச்சே."

"அதுதான் நானும் சொன்னனான். ஆர் கேக்கினம்?"

பேசிவிட்டு அவள் நின்று பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

அன்றையிலிருந்து வெண்மதிக்கு வேறு நினைப்பு இல்லை. தாளில் பெயரை மாற்றி எழுதியது யார் என்று ஒவ்வொரு ஆளாக எடுத்துப்போட்டுப் பார்த்தாள். நீலச் சட்டைக்காரருக்கு முகம் தெரிந்திருக்கலாம், பெயர் தெரியாது. படம் எடுத்தவருக்கு அதுவும் தெரியாது. அந்தோணிசாமி ரிப்பனைப் பார்த்ததும், "ஏம்மா இதெல்லாம்" என்று முகம் சுளித்தவர். ஸ்கோர் தாளில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். அவரிடம் எல்லாப் பெயரும் நம்பரும் உண்டு. கடலூர்ச் செம்மண்டலத்தில் அவர் வீட்டுப் பக்கம் போகும்போது அவர் யாரோடு பேசுகிறார் என்று நின்று பார்க்கிற அளவுக்கு அவள் வந்துவிட்டாள். புஷ்பவள்ளியையும் விடவில்லை. கட்டாததற்காகத் தயாளினி மேல் அவளுக்குக் கோபம் இருந்ததே என்று நினைத்தாள். நினைத்துவிட்டு வெட்கப்பட்டாள், ஆனாலும் மறுபடி நினைத்தாள்.

பெயர் எழுதிய ஆளுக்குத் தன் மேல் ஒரு அக்கறை இருந்திருக்க வேண்டும் என்பது மெதுவாகத்தான் அவளுக்கு உறைத்தது. எதிரி யாரும் அவளைக் காப்பாற்ற மாட்டான். அது தெரிந்ததும் எழுந்து நேரே ராஜவேலின் மைக்செட் கடைக்குப் போனாள்.

அவர் ஒலிபெருக்கி ஒன்றைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, அந்த ஏழு பேரை நீங்களா எழுதிக் குடுத்தீங்க?"

அவர் மறைக்கவில்லை. "குடுக்காம? கமிட்டி செகரட்ரி நான். வந்து கேட்டாங்க. இல்லேன்னா அடுத்த வருசம் போட்டிக்குப் பர்மிசன் குடுப்பாங்களா?"

"என் பேரு எங்க?"

"எடுத்துட்டேன்." அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "வேலை கைக்கு வர்ற நேரம். இதுல பேரு ஏறுனா அவ்ளோதான். ஏழு பேரு ஆடுனது ஊருக்கே தெரியும், ஆறு எழுதுனா எங்கடா ஏழாவதுன்னு கேப்பான். அந்தப் பொண்ணு பேரைப் போட்டேன்."

"அவ கட்டவே இல்ல மாமா."

"அவுங்களுக்கு இது பழக்கம், மருமவளே. எப்பவும் விசாரணைதான். புதுசா என்ன ஆயிடப்போவுது? உனக்கு அப்புடியா?"

வெண்மதி கடையை விட்டு இறங்கினாள். அவள் சத்தம் போட்டிருந்தால் அவர் சமாதானம் சொல்லியிருப்பார். அவள் பேசாமல் திரும்பியது அவருக்குப் பயமாகிவிட்டது. "எங்கியாவது போயி உளறி வெக்காத, உங்கம்மா செத்துப்போயிடுவா" என்று பின்னாலிருந்து சொன்னார்.

அதற்குப் பிறகும் அவள் உண்மையைச் சொல்ல உடனே கிளம்பிவிடவில்லை. இதையும் இங்கே மறைக்காமல் எழுதித்தான் ஆக வேண்டும். நான்கு நாள் வீட்டிலேயே கிடந்தாள். வேலைக்காக எடுத்து வைத்திருந்த பெட்டியைத் திறப்பாள், மூடுவாள். தேர்தல் வருகிறது, தானாக எல்லாம் ஓய்ந்துவிடும் என்று ஒருநாள் நினைத்தாள். முதலில் பயிற்சிக்குப் போய்விட்டு, பிறகு சொன்னால் என்ன என்று ஒருநாள். அப்படி நினைத்த அன்றைக்குத்தான் தன் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது. சொல்லாமலே இருந்துவிடுவோமோ என்று பயந்தாள்.

பிப்ரவரி பதினாறு, திங்கட்கிழமை. அப்பா வண்டியிலேயே ஏறி, அவரிடம் ஒன்றும் சொல்லாமல் கடலூரில் இறங்கினாள். ரிப்பன் விவகாரத்தை விசாரித்த அதிகாரியின் முன்னால் ஒரு மனுவை நீட்டினாள். நாலாம் நம்பர் நான், ரிப்பன் கட்டியவள் நான், தயாளினி கட்டவில்லை, அன்றைக்கு ஆடவும் இல்லை என்று எழுதியிருந்தாள். அதிகாரி இரண்டு முறை படித்தார்.

"யார் அனுப்புனது?"

"யாரும் இல்ல சார். நானாத்தான்."

"போலீஸ் செலக்‌ஷன்ல இருக்கற பொண்ணு தானா வந்து மாட்டிக்குமா? முகாம்லேர்ந்து யார் பேசுனாங்க? எந்தக் கட்சிக்காரன் எழுதிக் குடுத்தான்?"

"எழுத்து என்னுதுதான் சார்."

"எழுத்து உன்னுதுதான். யோசனை யாருது?"

ஒரு மணி நேரம் இதையே சுற்றிச் சுற்றிக் கேட்டார். அவள் பொய் சொன்னபோது, அதாவது பேசாமல் நின்றபோது, ஒரு நிமிஷத்தில் நம்பினார்கள். உண்மையைச் சொல்ல வந்தபோது யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. கடைசியில் ஆதாரம் இருந்தால் கொண்டுவா என்றார்.

ஆதாரம் ஸ்கோர் தாள்தான். அது அந்தோணிசாமியிடம் இருந்தது. இத்தனை நாள் தூர நின்று வேவு பார்த்த வீட்டின் கதவை அவள் தட்டினாள். அவர் முழுவதும் கேட்டார். உள்ளே போய்த் தாளின் நகலைக் கொண்டுவந்தார், கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"எனக்கு மேனேஜ்மெண்ட் ஸ்கூல் வேலை, நெனைச்சா தூக்கிடுவாங்க. நான் குடுத்தேன்னு வரக்கூடாது."

"உங்க கையெழுத்தே இருக்கே சார்."

அவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சரி, கொண்டுபோ" என்றார். அவர் மேல் தான் வைத்திருந்த சந்தேகத்தை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தாளை மடித்துக்கொண்டு படி இறங்கினாள்.

நாலாம் நம்பர் வெண்மதி, ஆறு பிடி. பதினொன்று தயாளினி, ஆடவில்லை. தாள் தெளிவாகப் பேசியது. அதிகாரி நகலை வாங்கி மனுவோடு சேர்த்துக் குத்தினார். போய் வா என்றார். ராஜவேலின் பெயரை அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வீட்டில் நடந்ததை விவரிக்க வேண்டாம். தைலம்மாள் மூன்று நாள் மகள் முகத்தைப் பார்க்கவில்லை. அய்யனார் மட்டும், "எங்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாம். நானும் வந்திருப்பேன்" என்றார்.

தயாளினிக்கு அனுமதி திரும்பக் கிடைத்தது மார்ச் கடைசியில். அந்தப் பருவத் தேர்வுக்கு வருகை போதாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். ஒரு வருஷம் போயிற்று. அவள் அணிக்கும் திரும்பி வரவில்லை. மே மாதம் அங்கே போர் முடிந்த சேதி வந்தபோது முகாமில் மூன்று நாள் அடுப்பு எரியவில்லை என்றார்கள். வெண்மதி போய்ப் பார்க்க நினைத்தாள். தன்னைப் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று போகவில்லை.

ஆகஸ்டில் கடிதம் வந்தது. போலீஸ் வேலை நியமனத்துக்குப் பரிசீலிக்கப்படவில்லை என்று ஒரே வரி, காரணம் எழுதவில்லை. மனுதான் காரணமா, வேறு யாராவது ஏதாவது சொன்னார்களா என்று அவளுக்குக் கடைசி வரைக்கும் தெரியவில்லை. ராஜவேலும் அவளும் கல்யாணம் காட்சிகளில் பார்த்துக்கொள்வார்கள். சாப்டியா மருமவளே என்பார் அவர், சாப்டேன் மாமா என்பாள் இவள்.

புஷ்பவள்ளி அந்த மனுவைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். "நெஜமாத்தான் குடுத்தியா, இல்ல அதுலயும் ஏதாவது இருக்கா?" என்றாள். வெண்மதி சிரித்துவிட்டாள். புஷ்பவள்ளிக்குச் சிரிப்பு வரவில்லை. சேத்தியாத்தோப்பில் வாழ்க்கைப்பட்டுப் போகும் வரைக்கும் அவள் மனசில் அந்தக் கேள்வி பாதியாவது இருந்தது.

வெண்மதி உடற்கல்விச் சான்றிதழ் படித்து, 2011-ல் செம்மண்டலம் பக்கம் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். நடுவராகவும் போனாள். அடுத்த வருஷம் சிதம்பரத்தில் ஒரு போட்டிக்குக் கூப்பிட்டார்கள். ஆட்டத்துக்கு முன் குழுவில் ஒருவர் வந்து, பிள்ளைகள் சட்டையில் கிட்டையில் ஏதாவது ஒட்டிக்கொண்டு வருகிறார்களா பார்த்துவிடுங்கள் மேடம் என்றார். "நகம், மோதிரம், உடம்புல எண்ணெய். விதியில இருக்கறது இதுதான், இத மட்டும் பாக்குறேன்" என்றாள் வெண்மதி. அவர் ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வருஷம் அந்தப் போட்டிக்கு அவளைக் கூப்பிட மாட்டார்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் தயாளினியைப் பார்த்தாள். துணிக்கடையில் பில் போடும் வேலையாம். கழுத்தில் கடையின் அடையாள அட்டை. படிப்பை முடித்துவிட்டாள். அப்பாவுக்குச் சர்க்கரை, தம்பி கனடா போக வேண்டும் என்கிறான் என்று நல்லபடியாகவே பேசினாள். கடலூர் வண்டி வந்து நின்றது. ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு இடம் பிடித்துவிட்டு ஏறப்போன தயாளினி, கம்பியைப் பிடித்தபடி திரும்பினாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். எங்களைக் கூப்புட்டது முப்பத்தொண்ணாந்தேதி. நீங்க போயிச் சொன்னது பதினாறாந்தேதி. பதினாறு நாளு. நீங்க போனது பெரிய விஷயந்தான், நான் இல்லேங்கல. ஆனா அந்தப் பதினாறு நாளும் நீங்க இன்னா பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

மாமாவைச் சொல்லலாம். அம்மாவைச் சொல்லலாம். யார் எழுதியது என்று தெரியாமல் இருந்தது என்று சொன்னால் அதுவும் பொய் இல்லை. வெண்மதி அதில் எதையும் சொல்லவில்லை.

"பயந்துக்கிட்டிருந்தேன். சொல்லாம விட்டுடலாமான்னு பாத்தேன்."

தயாளினி அவள் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். நம்பினாளா, எதிர்பார்த்த பதில் இதுதானா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஏறுங்கக்கா, வண்டி எடுத்துடுவான்" என்றாள். ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து சீட்டில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.